ஒற்றைக் காலில் நின்ற கோழித் திருடன்

சிப்பிகாட்டிலிருந்து கராச்சர்மா வழியாக போர்ட் பிளேருக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் முத்துவீரன் கண்டக்டர். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில் தொங்கும். ஆனால் அதை அவன் ஊதிக் கேட்டு நாலரை வருஷம் ஆகியிருந்தது. வண்டி நிற்க வேண்டுமென்றால் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓர் அடி. போக வேண்டுமென்றால் இரண்டு அடி. அவன் கை விழும் இடத்தில் தகரம் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. "ஒரு நாள் இந்த வண்டி ரெண்டாப் பிளக்கப்போகுது பாரு" என்று டிரைவர் இராமகிருஷ்ணன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

கேட்டால், "தொண்டை சரியில்லை" என்பான். விசிலுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் மேலே கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததைக் கேட்டு என்ன செய்ய?

விஷயம் 2004 கோடையில் தொடங்குகிறது. கராச்சர்மாவில் வீடியோ கடை வைத்திருந்த பழனிசாமி, பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். கல்யாணம், காதுகுத்து, ரிட்டயர்மென்ட் பார்ட்டி என்று எடுத்து எடுத்து அலுத்துப்போனவர். அவருக்கு ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுத்துவிட வேண்டும் என்று வெறி. ஆனால் ஹீரோ பறக்க வேண்டுமென்றால் கிரேன் வேண்டும், கம்பி வேண்டும், கம்ப்யூட்டரில் வேலை தெரிந்த ஆள் வேண்டும். அதெல்லாம் மெயின்லேண்டில் கிடைக்கும். போர்ட் பிளேரில் நல்ல பேட்டரி கிடைப்பதற்கே கப்பல் வர வேண்டும். பறக்காத ஹீரோ ஒருவன் எங்கே கிடைப்பான் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த முத்துவீரன் விசிலை ஒரு தடவை ஊதினான். எழுபது பேரை அடைத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி நின்றது. இரண்டு தடவை ஊதினான். போனது.

"ஏப்பா, இதுக்கு மேல என்னப்பா பவர் வேணும்" என்றார் பழனிசாமி.

அப்படிப் பிறந்தவன்தான் சீட்டிவாலா. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் பார்க்க வேண்டிய படம் என்பதால் பெயர் இந்தியில்; விசில்காரன் என்று அர்த்தம். கண்டக்டரின் காக்கிச் சட்டை, கழுத்தில் முடிச்சுப் போட்டு முதுகில் பறக்கவிட்ட நீல மழைக்கோட்டு, வாயில் விசில். ஒரு தடவை ஊதினால் எதுவும் நிற்கும். இரண்டு ஊதினால் திரும்ப ஓடும். குரைத்த நாய் நின்றது, வழிந்த குழாய் நின்றது, மருமகளைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மாமியார் வாய் திறந்தபடி நின்றார்.

வில்லன் ஒரு கோழித் திருடன். நடித்தது சிப்பிகாட்டில் வயல் வைத்திருந்த முருகானந்தம். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். ஜெயராணியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டவன். நிஜத்தில் அவனுக்குக் கோழி பிடிக்கவே வராது. படத்தில் திருடும் சேவலை அவன் மணிக்கட்டோடு கயிறு போட்டுக் கட்டித்தான் எடுத்தார்கள். ஆனால் அவன் வரப்பில் ஓடும்போது கையும் காலும் நாலு திசைக்குப் போகும். அதைப் பார்த்து ஒரு மனிதன் சிரிக்காமல் இருந்தால் அவனுக்குப் பல்வலி என்று அர்த்தம்.

கடைசிக் காட்சியில் சேவலை இடுக்கிக்கொண்டு பச்சை வயல் நடுவே திருடன் ஓடுகிறான். சீட்டிவாலா ஒரு விசில் ஊதுகிறான். தூக்கிய கால் தூக்கியபடி, ஒற்றைக் காலில் திருடன் நிற்கிறான். சீட்டிவாலா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். "ஐயையோ, ஆறு மணி டிரிப்" என்று ஓடி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். அவனை விடுவிக்க இரண்டு விசில் ஊத மறந்தே போச்சு. திருடன் வயலில் நிற்கிறான். படம் முடிந்தது.

அந்தத் தீபாவளிக்கு உள்ளூர் கேபிளில் வந்தது, சிப்பிகாட் மைதானத்தில் திரை கட்டியும் போட்டார்கள். ஒரு மாதத்துக்கு போர்ட் பிளேர் பிள்ளைகள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்றன. பஸ்ஸில் ஏறுகிறவர்கள், "சீட்டிவாலா, தூஸ்ரா பார்ட் கப் ஆயேகா? அந்த ஆளுக்குக் கால் வலிக்குமே" என்று இரண்டாம் பாகம் கேட்பார்கள். "வலிக்கட்டும், கோழி திருடினான்ல" என்பான் முத்துவீரன்.

டிசம்பரில் முருகானந்தம் கச்சாலில் இருந்த அக்காவைப் பார்க்கக் கப்பல் ஏறினான். படத்தில் நடித்த சேவலையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனான். அக்காவுக்கு ஒரு நட்சத்திரத்தைக் காட்ட வேண்டுமாம். அவன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது. அவனும் வரவில்லை, அக்காவும் இல்லை, சேவலும் இல்லை. சிப்பிகாட்டில் நிலமே ஒரு முழத்துக்கு மேல் அமிழ்ந்து, அவன் ஒற்றைக் காலில் நின்ற வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, பிறகு போகவே இல்லை.

சில வாரம் கழித்து ஜெயராணி மூன்று வயது மகள் சுகுணாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். முத்துவீரன் வண்டியை நிறுத்த விசிலை வாயில் வைத்தான். மூச்சு போகவில்லை. எல்லாம் நடிப்பு என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய விசிலுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் தெரியும். ஆனால் கண்டக்டர் புத்தி வேறு மாதிரி. நிறுத்திய வண்டியை எடுக்காமல் இறங்கி வீட்டுக்குப் போகிறவன் என்ன கண்டக்டர்? அன்று தகரத்தில் கையால் தட்டியவன், அப்படியே தட்டிக்கொண்டிருந்தான்.

2009 தை முடிந்ததும் பழனிசாமி வந்தார். இரண்டாம் பாகம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். கதையும் தயார். சீட்டிவாலா கடற்கரையில் நிற்கிறான், மாலை போட்ட முருகானந்தம் போட்டோவைப் பார்க்கிறான், கண்ணீர், பின்னால் வயலின். "படம் பாக்கறவன் ஒருத்தன் பாக்கியில்லாம அழோணும்" என்றார். முத்துவீரனுக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை. கோர்பின்ஸ் கோவ் கடற்கரையில் போய் அந்தக் காட்சியை எடுத்தும்விட்டார்கள். கடையில் போட்டுப் பார்த்தபோது, பழனிசாமியின் மனைவி டீ கொண்டுவந்தவர் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். நீல மழைக்கோட்டோடு ஒருவன் முகத்தைக் கோணிக்கொண்டு அழுதால் கடவாய்ப் பல் பிடுங்கியவன் மாதிரிதான் இருக்கும்.

"அழுகையை விட்ருவோம்ணே. முழுக்க காமெடியாவே போயிருவோம்" என்றான் முத்துவீரன். புதிதாக ஒரு வில்லன், தேங்காய்த் திருடன் என்று நாலு காட்சி எழுதினார்கள். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் எழுதி முடித்ததும் இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருந்த ஒரு மனிதனை இல்லவே இல்லை என்று துடைத்துப் போடுவது போல இருந்தது. அழுதால் கேலியாகிறது, சிரித்தால் துரோகமாகிறது. இதற்கு நடுவில் ஒரு பாதை இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயராணி வீட்டுக்குப் போனான். நிவாரணத்துக்குப் போட்ட தகரக் கொட்டகையிலிருந்து அப்போதுதான் புது வீட்டுக்கு மாறியிருந்தாள். அரசாங்கப் பண்ணையில் களை எடுக்கும் வேலை. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாலை போட்ட போட்டோவா? வேணாம்ணே" என்றாள். "வீட்டுலயே அப்பிடி ஒண்ணு இருக்கு."

"அப்ப படமே வேணாம் தங்கச்சி. உனக்குக் கஷ்டமா இருந்தா விட்ருவோம்."

"நான் அதச் சொல்லல." முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, நான் எங்க போனாலும் சிரிப்பு நின்னுருது. டீக்கடையில, ரேஷன் கடையில, பண்ணையில. அந்த ஆள் போனதுக்கப்புறம் ஊருல கோழித் திருட்டே இல்லன்னு யாராச்சும் ஆரம்பிப்பாங்க. என்னைக் கண்டதும் வாயை மூடிக்கிவாங்க. அவரை நெனச்சு அழுக நான் ஒருத்தி போதும். சிரிக்கத்தான் ஆளில்ல."

கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்தப் புள்ளையப் பாருங்க. இதுக்கு அப்பான்னா ஒத்தக் கால்ல நிக்கிறவருதான். அந்தப் பட சீடியைத் தேய்ச்சுட்டா. பார்த்து முடிச்சதும் ஒரே கேள்வி. அப்பா எப்பம்மா காலைக் கீழ வைப்பாருன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

ஏழு வயது சுகுணா கதவுக்குப் பின்னாலிருந்து அவன் கழுத்து விசிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துவீரன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆனால் கதை அன்றைக்கு அந்த வீட்டில்தான் கிடைத்தது. கோழித் திருடன் இல்லாத ஊர். திருட ஆளில்லாமல் சேவல்கள் பெருகிவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்கே கூவி ஊரைத் தூங்கவிடுவதில்லை. ஜனங்கள் வரிசையில் நின்று சீட்டிவாலாவிடம் மனு கொடுக்கிறார்கள்: எங்கள் திருடனைக் கண்டுபிடித்துக் கொடு. சீட்டிவாலா கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி ஜெட்டியாகத் தேடுகிறான். சொல்லக் கேட்ட பழனிசாமி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதாம்ப்பா" என்றார். ஜெயராணி, வரிசையில் தானும் நிற்பேன் என்றாள்.

"கடைசில காலைக் கீழ வைக்கணும்ணே" என்றான் முத்துவீரன்.

"ஆளே இல்லாம எப்புடிப்பா காலை இறக்கறது? டூப் போட்டு முதுகைக் காட்டலாமா?"

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க கட் சொன்னதும் காலைக் கீழ வச்சாரே. அது கேசட்டுல இருக்கும்ல?"

பழனிசாமி தலையைச் சொறிந்தார். கேசட் கப்பலில் வர வேண்டிய சாமான். வந்த கேசட்டைத் திரும்பத் திரும்ப அழித்து எடுப்பதுதான் அவர் வழக்கம். அந்தக் கேசட்டின் மேல் அதே கார்த்திகையில் ஏதோ ஒரு கல்யாணம் ஏறிவிட்டது. யார் கல்யாணம் என்று நினைவில்லை. கேசட்டும் பிறகு பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். முத்துவீரனிடம் ஒரு பஸ் இருந்தது. மறுநாளிலிருந்து டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம், "2004 கார்த்திகையில கல்யாணம் ஆனவங்க உண்டா? பழனிசாமி வீடியோவா?" என்று தமிழிலும் இந்தியிலும் கேட்டான். கண்டக்டருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி அவன் மனைவி காதுவரை போய், அந்தச் சண்டை தனிக்கதை. ஒன்பதாம் நாள் கராச்சர்மாவில் ரூபா என்ற பெண் குழந்தையோடு ஏறினாள்.

"எங்க கல்யாணந்தாண்ணா அது. அந்த வீடியோக்காரரைத்தான் எங்க மாமியார் இன்னிக்கும் திட்டிட்டு இருக்காங்க. சீடி முடியற எடத்துல எவனோ ஒருத்தன் ஒத்தக் கால்ல நிக்கிறான். அபசகுனமாம்."

முத்துவீரன் பாக்கிச் சில்லறை கொடுக்க மறந்து நின்றான்.

பழனிசாமியின் சோம்பேறித்தனத்துக்கு அந்தமானே கடமைப்பட்டிருக்கிறது. கல்யாணம் கேசட்டைவிடச் சின்னதாக முடிந்துவிட்டது. மிச்சத்தை வெட்டாமல் அப்படியே சீடி போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்று மாலை ரூபாவின் கணவன் நந்தகுமார் அதைப் போட்டுக் காட்டினான். மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள், அம்மா அழுகிறாள், அத்தை அழுகிறாள், மொத்தக் குடும்பமும் அழுகிறது. சட்டென்று பச்சை வயல். ஒற்றைக் காலில் சேவலோடு முருகானந்தம். ரூபாவின் குழந்தை தினமும் செய்வதுபோலக் கை தட்டிச் சிரித்தது. பழனிசாமியின் குரல், "நில்லு நில்லு, இன்னும் கொஞ்சம்" என்கிறது. ஆடி ஆடி நிற்கிறான். "கட்." காலைக் கீழே வைக்கிறான். பதினான்கு விநாடி. முத்துவீரன் அதை ஏழு தடவை போடச் சொன்னான். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, அழுகிற கண்டக்டரைத் திட்ட மனமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

கிடைத்துவிட்டது என்று ஜெயராணியிடம் சொன்னபோது அவள் பார்க்க மறுத்தாள். "இப்ப காட்டாதீங்க. புள்ளைகிட்டயும் சொல்லாதீங்க. எல்லாரோடயும் உக்காந்து பார்த்துக்கிறேன்" என்றாள்.

ஒன்று மட்டும் பாக்கி. படம் முழுக்க முத்துவீரன் விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. சத்தத்தைப் பழைய படத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். பழனிசாமியும் சரி என்று தலையாட்டினார்.

தீபாவளிக்கு மறுநாள் சிப்பிகாட் மைதானத்தில் படம். அங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். நிவாரணத்துக்கு வந்த தார்ப்பாயின் வெள்ளைப் பக்கந்தான் திரை. ஊரே வந்திருந்தது. ஜெயராணியும் சுகுணாவும் முன்வரிசையில். முத்துவீரன் ஓரமாக நின்றான். ஜெயராணி மனம் நொந்துவிட்டால் பிறகு அந்தப் பஸ்ஸில் தன்னால் நிற்க முடியாது என்று நினைத்தான்.

முதல் கால் மணி நேரம் பயந்தபடியே போனது. திரையில் சேவல் கூட்டம் ஊரைத் துரத்துகிறது. ஜனங்கள் சிரிக்க வாயைத் திறந்து, ஜெயராணி பக்கம் பார்த்து, மூடிக்கொண்டார்கள். பிறகு மனு வரிசை வந்தது. வரிசையில் சேவலும் கையுமாக ஜெயராணியே நிற்கிறாள். "அஞ்சு வருஷமா என் கோழிய யாருமே திருடல சாப். ஊருல எனக்குன்னு ஒரு மரியாத வேணாமா?"

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஜெயராணிதான். தன்னைத் தானே திரையில் பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். அவ்வளவுதான், அடைத்து வைத்த மைதானம் திறந்துகொண்டது. ஐந்து வருஷத்துச் சிரிப்பை ஒரே மூச்சில் சிரித்தார்கள். ஜெட்டியில் சீட்டிவாலா திருடனைப் பற்றி விசாரிக்க, கவுன்டர்காரர் பெரிய நோட்டைப் புரட்டி, "ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கலியே பாய்" என்கிற இடத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. யாருக்கும் மறைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி. தேடி அலுத்த சீட்டிவாலா சிப்பிகாட்டுக்குத் திரும்பி, உப்புத் தண்ணீர் நிற்கும் கரையில் நிற்கிறான். பட்டுப்போன தென்னைகள். "இங்கதான விட்டுட்டுப் போனேன்" என்கிறான். உடனே திரை முழுக்கப் பச்சை. அவர்களுடைய வயல், அமிழ்வதற்கு முன் இருந்த வயல், காற்றில் அசைகிறது. யாரோ ஒரு பெரியவர், "அது நம்ம வரப்பு" என்றார். நடுவில் முருகானந்தம், ஒற்றைக் காலில்.

சீட்டிவாலா விசிலை வாயில் வைக்கிறான். படம் அப்படியே நின்றது.

மிஷின் கெட்டுவிட்டதென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முத்துவீரன் திரும்பினான். பழனிசாமி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். "சத்தம் போடலீப்பா. அது உன்ற வேலை" என்றார். மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்.

முத்துவீரன் விசிலை எடுத்தான். உதட்டில் வைத்தான். மூச்சு வரவில்லை. முன்னூறு பேர் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுணா எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே," என்றாள் ஜெயராணி, ரேஷன் கடையில் பேசுகிற சாதாரணக் குரலில். "அவருக்குக் கால் வலிக்கும். அடிச்சு விடுங்க."

அவன் ஊதினான். முதல் ஊதல் பாதி காற்றும் எச்சிலுமாக வந்தது. இரண்டாவது சிப்பிகாட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

முருகானந்தம் காலைக் கீழே வைத்தான். முட்டியைத் தேய்த்துக்கொண்டு, நேரே இவர்களைப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். அந்த நொடியில் கயிறு அவிழ்ந்து சேவல் குதித்தது. "டேய், டேய்" என்று கையும் காலும் நாலு திசைக்குப் போக அதன் பின்னால் ஓடி, திரையைவிட்டு வெளியே போனான். வயல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மைதானம் சிரித்தது, விசிலடித்தது, "பிர் ஸே" என்று மறுபடி போடச் சொல்லி வங்காளிப் பிள்ளைகள் கத்தின. சுகுணா காலியான வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா எங்கம்மா ஓடுறாரு?"

"சேவலப் புடிக்க."

"புடிச்சிருவாரா?"

ஜெயராணியின் முகம் முழுக்க நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "எங்க புடிக்கிறது? உங்கப்பாவுக்குக் கோழி புடிக்கவே தெரியாதுடி" என்றாள்.

மறுநாள் காலை முதல் டிரிப். சிப்பிகாட் நிறுத்தத்தில் ஜெயராணி பண்ணைக்குப் போக ஏறினாள். சுகுணா பள்ளிக்கூடப் பையோடு பின்னால் ஏறினாள். முத்துவீரன் படியில் நின்று விசிலை இரண்டு தடவை ஊதினான். வண்டி நகரவில்லை. இராமகிருஷ்ணன் கியரில் கையை வைத்தபடி, தகரத்தில் அடி விழுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா முத்து, போலாமா வேணாமா?"

"அதத்தானண்ணே ரெண்டு தடவை சொன்னேன்" என்றான் முத்துவீரன்.